'சுமார்' என்றொரு விமர்சனம்

1

2023 ஜூலை. 'மாமன்னன்' வந்து ரெண்டு வாரம் இருக்கும். அரூர் போகிற பஸ்சுக்காக நானும் என் சின்னம்மா மகனும் ரோட்டோர டீக்கடையில் நிற்கிறோம். கடை ஊர்த்தெருக்காரருடையது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் கேட்டான்: "என்னடா, மாமன்னன் பாத்தியா? படம் எப்படி?" தம்பியோடு ஒண்ணாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான் அவன்.

தம்பி டீயை ஒரு வாய் உறிஞ்சினான். "சுமார்ணா" என்றான்.

ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. அவன் 'டா' என்கிறான், இவன் 'ண்ணா' என்கிறான். இதை இங்கே யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்வதில்லை.

பஸ் ஏறிய பிறகுதான் தம்பி விஷயத்தைச் சொன்னான். அந்தப் படத்தை அவன் மூணு தடவை பார்த்திருக்கிறான். ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து ஒரு தடவை, ரூம் பசங்களோடு ஒரு தடவை, எங்க சின்னம்மாவை தருமபுரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தடவை. எம்.எல்.ஏ. ஆன பிறகும் நின்றுகொண்டே இருக்கும் அப்பனை மகன் உட்காரச் சொல்கிறானே, அந்த இடத்தில் மூணு தடவையும் அழுதிருக்கிறான்.

"அப்புறம் ஏன்டா சுமார்னு சொன்ன?"

"வேற என்னாண்ணா சொல்றது? நல்லாருக்குதுன்னா, ஏன் நல்லாருக்குதுன்னு கேப்பான். நல்லால்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

இந்தச் 'சுமார்' பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இது ரசனையிலிருந்து வந்த சொல் அல்ல. தன் வாழ்க்கையைச் சொல்லும் படத்தைப் பற்றி, அந்த வாழ்க்கைக்குக் காரணமானவர்களின் நடுவில் நின்று பேச நேரும்போது, ஒரு தலித் பார்வையாளன் கண்டுபிடித்து வைத்திருக்கிற சொல். பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் டீயைக் குடித்து முடித்து பஸ் ஏற உதவுகிற சொல்.

தமிழ்நாட்டில் படம் பார்க்காதவர் யார்? பார்த்த படத்தைப் பற்றிப் பேசாதவர் யார்? வாரப் பத்திரிகைகள் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டன. படித்தவர்கள் அழகியல், கதையாடல், கட்டமைப்பு என்று எழுதினார்கள். நானும் எம்.ஏ. தமிழ் படித்தவன்தான், அந்தச் சொற்களெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் எல்லோருமே ஒன்றைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள்: படம் பார்த்த எவரும் தன் அபிப்பிராயத்தை வாய்விட்டுச் சொல்லிவிட முடியும் என்று. எங்கே உட்கார்ந்து சொல்கிறான், யார் முன்னால் நின்று சொல்கிறான், சொன்ன பிறகு எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போகப்போகிறான் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்காத எந்த விமர்சனமும் பாதி விமர்சனம்தான்.

2

ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்ச் சினிமா ஓர் அரசியல் தொடர்புச் சாதனமாக இயங்குவதைப் பற்றி 1981இல் ஆங்கிலத்தில் எழுதினார். அதில் முக்கியமான ஒரு விஷயத்தைச் சொல்கிறார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து ஒரு நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை. அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைச் சமூகப் படிநிலை தீர்மானிக்கவில்லை, டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசுதான் தீர்மானித்தது என்பது அவர் கருத்து.

இது சாதாரண விஷயமில்லை. கோயிலுக்குள் விடாத ஊர், கூத்து நடந்தால் ஓரமாக உட்காரச் சொன்ன ஊர், கொட்டகையில் மட்டும் காசை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டது. மேட்டுக்குடியினர் சினிமாவைக் கண்டு ஏன் முகம் சுளித்தார்கள் என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996இல் எழுதிய கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார். கீழே உட்கார்ந்திருந்தவர்களின் சீழ்க்கைச் சத்தம் அவர்கள் காதில் நாராசமாக விழுந்தது.

ஆனால் எங்க நைனா சொல்வது கொஞ்சம் வேற. அவர் காலத்தில் எங்கள் பக்கத்தில் டென்ட் கொட்டகை. தரை டிக்கெட் என்றால் மணல். முன்னால் இருப்பவன் தலை மறைக்கும் என்று மணலைக் கூட்டி மேடு கட்டி அதன்மேல் உட்காருவார்கள். நைனாவும் மேடு கட்டுவார். பின்னால் உட்கார்ந்தவர் "டேய், யார்றா அது?" என்று ஒரு குரல் விடுவார். அந்தக் குரல் யாருடையது என்று இருட்டிலும் தெரியும். நைனா மேட்டைக் கலைத்துவிட்டுத் தரையோடு உட்கார்ந்துகொள்வார். "மணலு எல்லார்க்கும் பொதுதான்டா. மேடுதான் பொது இல்ல" என்பார்.

சிவத்தம்பி கூரையைப் பார்த்தார். நைனா மணலைப் பார்த்தார். ரெண்டும் உண்மைதான்.

அந்தக் கூரையும் எல்லோருக்கும் இன்னும் பொதுவாகிவிடவில்லை. 2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி திரையரங்கில் 'பத்து தல' பார்க்க வந்த நரிக்குறவர் குடும்பத்தை, கையில் டிக்கெட் இருந்தும் உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். காணொளி பரவி ஊரே கேட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். குழந்தைகள் இருந்ததால் தணிக்கைச் சான்றிதழைப் பார்த்து நிறுத்தினோம் என்று விளக்கம் வந்தது. பிள்ளைகளோடு வருகிற எத்தனை குடும்பங்களிடம் அந்தச் சான்றிதழைக் காட்டியிருப்பார்கள்?

கொட்டகைக்குள் இருட்டு. விளக்குப் போட்டு வெளியே வந்தால் டீக்கடை. படத்தைப் பற்றிய பேச்சு ஆரம்பிப்பது அங்கேதான். பேப்பர் கப் வந்த பிறகு இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்கிறார்கள். எல்லோருக்கும் தூக்கிப் போடுகிற கப், ஆகவே சமத்துவம்! இதே தருமபுரி மாவட்டத்தில்தான் 2024 பிப்ரவரியில், வயல் வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்ததற்காக ரெண்டு பெண்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார்கள். டீ எதில் வருகிறது என்பதே முடிவாகாத இடத்தில் 'படம் எப்படி' என்ற கேள்விக்கு மட்டும் சுதந்திரமான பதில் எப்படி வரும்?

3

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாங்கள் எப்போதும் 'சுமார்' சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இல்லை. ஒரு காலத்தில் கொட்டகையில் எங்கள் விசில்தான் பெரிய விசில். எந்தப் படங்களுக்கு? 'சின்னக் கவுண்டர்' (1992), 'தேவர் மகன்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994).

அந்தப் படங்கள் வந்தபோது நான் கைப்பிள்ளை. காலனி பஞ்சாயத்து டி.வி.யில் பிற்பாடு பார்த்தேன். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வரும்போது காலனியே கைதட்டும். எங்கள் பக்கத்தில் வன்னியர்களையும் 'கவுண்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். பகலெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்த சனம், ராத்திரி டி.வி.யில் அதே பேருக்குக் கைதட்டியது.

இதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். முற்போக்கு விமர்சகர்கள் பலர் அப்படித்தான் எழுதினார்கள், மக்கள் மயங்கிக் கிடக்கிறார்கள் என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. படத்தில் கை கட்டி நிற்கிறவனோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்ள எவன் டிக்கெட் வாங்குவான்? அதைத்தான் பகலில் சும்மாவே செய்கிறோமே! ரெண்டரை மணி நேரம் அந்த நாற்காலியில் நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம். துண்டு எங்கள் தோளில் இருந்தது. அது ஒரு திருட்டு சந்தோஷம்.

ஆனால் திருட்டுக்கு விலை உண்டு. படம் முடிந்ததும் நாற்காலி அவர்களிடமே திரும்பிப் போனது, முன்னைவிட அழகாக, பின்னணி இசையோடு. ஊர்ப் பஞ்சாயத்தில் தண்டம் போடுகிறவர் சினிமா நாட்டாமை மாதிரி மீசையைத் தடவ ஆரம்பித்தார். நாங்கள் தட்டிய கைதட்டலும் அவர் கணக்கில்தான் சேர்ந்தது. 'தேவர் மக'னில் வடிவேலு செய்த இசக்கி, பெரிய வீட்டுப் பிள்ளை சொன்னதற்காகக் கோயில் பூட்டைத் திறந்து அதற்காகக் கையைப் பறிகொடுக்கிறவன். அவனுக்காகக் காலனியில் யாரும் அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவன் யார் என்று யோசித்த ஒருத்தர் பிற்பாடு படம் எடுக்க வந்தார். அந்த இசக்கிதான் மாமன்னன் ஆனான் என்று 2023 ஜூனில் படத்தின் இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் எதிரிலேயே, மாரி செல்வராஜ் சொன்னார். எனக்குத் தெரிந்து தமிழில் ஒரு ரசிகன் ஒரு படத்துக்கு எழுதிய மிக நீளமான விமர்சனம் அதுதான். எழுதி முடிக்க 30 வருஷம் ஆனது.

மன்றங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் காலனியில் முதலில் நட்ட பலகை ரஜினி ரசிகர் மன்றப் பலகை. எங்கள் ஆட்களின் பேர், இனிஷியலோடு, பெயின்ட்டில் பொது இடத்தில் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. பிற்பாடு அதே கம்பத்தில் அம்பேத்கர் மன்றப் பலகை வந்தது. 2002 ஆகஸ்டில் 'பாபா' வந்தபோது பா.ம.க. அந்தப் படத்தை எதிர்த்தது. வட மாவட்டங்களில் சில இடங்களில் படப்பெட்டி பறிபோனது, திரை கிழிந்தது. எனக்கு அப்போது 13 வயசு. ஒரு நடிகரைப் பிடிக்கும் என்று சொல்வதே நீ எந்தப் பக்கம் என்று சொல்வதாகும் என்பதை அந்த மாதத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

4

2012 நவம்பர் 7. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஒரு காதல் திருமணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதைத் தொடர்ந்து பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ் பேன்ட், டீ-சர்ட், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 'நாடகக் காதல்' என்ற சொல் ஊர் ஊராகப் போனது.

அந்தச் சொல்லை எத்தனையோ பேர் கண்டித்து எழுதியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் நான் சேர்க்கிறேன். ஜீன்ஸ், டீ-சர்ட், கூலிங்கிளாஸ் என்பது யாருடைய உடை? சினிமாக் கதாநாயகனுடைய உடை. அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறவன் ரசிகன். படத்தைப் பற்றி அவன் வாயால் சொல்ல முடியாத அபிப்பிராயத்தைத் தன் உடம்பில் போட்டுக்கொண்டு நடக்கிறான். மற்றவர்கள் போட்டால் ஸ்டைல். எங்கள் பையன் போட்டால் குற்றப்பத்திரிகை.

நான் அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு கூலிங்கிளாஸ் இருந்தது, பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் வாங்கியது. வீடுகள் எரிந்த வாரத்தில் அம்மா அதை எடுத்து ராகிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டார். "எல்லாம் அடங்கட்டும், அப்பறம் போட்டுக்குவ" என்றார். மறு வருஷம், 2013 ஜூலை 4, இளவரசன் தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்னால் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். அந்தக் கண்ணாடியை நான் வெளியே எடுக்கவே இல்லை.

இதை மனசில் வைத்துக்கொண்டுதான் 'பரியேறும் பெருமாள்' (2018) இந்த மாவட்டத்தில் எப்படிப் பார்க்கப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் நடத்துகிற மாலைப் பள்ளியில் 2019இல் புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து, சுவரில் வேட்டி கட்டிப் போட்டோம். கதை நடப்பது திருநெல்வேலிப் பக்கம். முதலிலேயே கருப்பி என்கிற நாயைத் தண்டவாளத்தில் கட்டுகிறார்கள். பிற்பாடு அதே தண்டவாளத்துக்குப் பரியனையும் கொண்டுவரப் பார்க்கிறான், கொலையைத் தற்கொலையாகவும் விபத்தாகவும் மாற்றத் தெரிந்த அந்தக் கிழவன். எங்கள் காலனியில் யாரும் அதைத் திருநெல்வேலித் தண்டவாளமாகப் பார்க்கவில்லை. அதுவரை கசகசவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் அமைதியாகிவிட்டது. ஒரு தாத்தா மட்டும் "லைட்டப் போடுங்கடா" என்றார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

கடைசிக் காட்சியில் ரெண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. நகரத்து விமர்சனங்கள் அந்தப் பூவைப் பற்றி, குறியீட்டைப் பற்றி நிறைய எழுதின. எங்கள் காலனியில் பூவைப் பற்றி யாரும் பேசவில்லை. "ரெண்டும் ஒரே மாதிரி கிளாசு, பாத்தியா" என்று ஒரு அத்தை சொன்னார். ஒரு படத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையாக ஒரு வரி எழுத எனக்கு இந்த எம்.ஏ. போதவில்லை.

2020 பிப்ரவரியில் 'திரௌபதி' வந்தது. 2012இல் மேடையில் பேசியதைத் திரையில் பேசிய படம். அதைப் பற்றி டீக்கடையில் எழுந்த குரல்கள் சத்தமானவை: "உள்ளத உள்ளபடி எடுத்துருக்கான்." பக்கத்தில் நின்ற எங்கள் பையன்களிடமும் கேட்டார்கள். பதில் உங்களுக்கே தெரியும். அவர்கள் அபிப்பிராயத்துக்குப் பேர் 'உண்மை'. எங்கள் அபிப்பிராயத்துக்குப் பேர் 'சுமார்'.

5

மறுபடியும் 'மாமன்னன்'. 2023 ஜூலை கடைசியில் அது நெட்ஃபிளிக்சில் வந்தது. வந்த கையோடு ஒரு காரியம் நடந்தது. ஃபகத் ஃபாசில் செய்த ரத்னவேலு என்கிற பாத்திரத்தை வெட்டி, ஒட்டி, தங்கள் சாதிப் பெருமைப் பாட்டுகளைப் பின்னால் ஓடவிட்டு ஆதிக்கச் சாதி இளைஞர்கள் பரப்பினார்கள். ஒரு சாதியினர் மட்டுமல்ல, போட்டி போட்டுக்கொண்டு பல சாதியினர், ரத்னவேலு எங்க ஆளு என்றார்கள். பந்தயத்தில் தோற்ற நாயை அடித்துக் கொல்கிறவன், அப்பன் வயசு மனுசனை நிற்கவைத்துப் பேசுகிறவன் கதாநாயகன் ஆனான். முகத்தைப் பார்த்து வெட்கப்படட்டும் என்று மாரி செல்வராஜ் கண்ணாடியைக் காட்டினார். அவர்கள் அதில் தலைவாரிக்கொண்டார்கள்.

இதற்கு ரசிகர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. படத்தையும் பார்க்க வேண்டும். ரத்னவேலுவுக்குப் படம் ஒரு வீட்டைக் கொடுக்கிறது, நாய்களைக் கொடுக்கிறது, கோபத்தைக் கொடுக்கிறது, அந்தக் கோபம் ஏறி இறங்க நேரம் கொடுக்கிறது. அதிவீரனுக்குக் கொடுப்பது நியாயத்தை. நியாயம் வசனத்தில் இருக்கிறது, அதிகாரம் உடம்பில் இருக்கிறது. திரை எப்போதும் உடம்பின் பக்கம்தான். வடிவேலு ஒருத்தர்தான் அதைத் தாண்டினார், அவமானத்தையும் உடம்பிலேயே காட்டத் தெரிந்தவர் என்பதால். தம்பி மூணு தடவை அழுதது வசனத்துக்காக இல்லை, அந்த உடம்பு நாற்காலியில் உட்கார்ந்ததற்காக.

இன்னொன்று. இங்கே பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்டவனும் பெரிய பண்ணைக்காரன் இல்லை. அவனும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவன். தம்பி நிற்கிற கூலி வரிசையில்தான் அவனும் நிற்கிறான். ரத்னவேலுவின் வீட்டு வாசலில் அவனும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்க வேண்டும். ஆனால் செல்போனில் அவன் ரத்னவேலு. நாங்கள் அன்றைக்கு நாட்டாமைக்குக் கைதட்டிய மாதிரிதான் அவனும் இன்றைக்கு. ஒரு வித்தியாசம்: எங்களிடமிருந்து நாற்காலியை வெளியே வந்ததும் பிடுங்கிக்கொண்டார்கள். அவனுக்கு வெளியேயும் ஒரு சின்ன பெஞ்சு இருக்கிறது. நாங்கள் நிற்கிறோம் என்பதுதான் அந்த பெஞ்சு.

அந்த வாரங்களில் தம்பி தன் செல்போனில் 'மாமன்னன்' பாட்டை ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். நல்ல விஷயம் என்றேன். "ஊர்ப் பசங்க நம்பர் நாப்பத மறைச்சிட்டுத்தாண்ணா வச்சேன்" என்றான். 'சுமார்' செல்போனுக்குள்ளும் புகுந்துவிட்டது.

6

இதுவரை எழுதியது மற்றவர்களைப் பற்றி. இனி என்னைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு யோக்கியதை இல்லை.

தை, மாசி, பங்குனி எங்கள் பக்கம் புளி சீசன். வியாபாரிகள் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டை எடுப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஆண்களுக்கு டீக்கடை என்றால் பெண்களுக்குப் புளி தட்டுகிற இடம். பார்த்த படத்தின் கதையை ஒருத்தி முழுசாகச் சொல்வாள், மற்றவர்கள் நடுநடுவே வெட்டுவார்கள். "அவ எதுக்கு அங்க போனா?" "அப்பன் சம்மதிச்சா படமே முடிஞ்சிருக்கும்ல?" கைவேலை நிற்காது. கதைக்கு இப்படியொரு உரைகல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

2021இல் 'கர்ணன்' வந்தது. கொரோனாவுக்குப் பிறகு மாலைப் பள்ளியில் அதையும் போட்டோம். போலீஸ் ஊருக்குள் புகுந்து கிழவன் கிழவி எல்லோரையும் அடிக்கிற கட்டத்தில் எங்க பெரியம்மா எழுந்து வெளியே போனார். படம் முடிந்து, வழக்கம்போல நான் முன்னால் நின்று கொடியன்குளம் 1995 என்று பேச ஆரம்பித்தேன். பெரியம்மா வாசலிலிருந்து சொன்னார்: "அடி வாங்கறத எத்தினி தடவடா பாக்கறது? வாங்கனது பத்தாதா? காசு குடுத்து வேற பாக்கணுமா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார வைத்துப் பேசவிட்டிருக்க வேண்டும். நான் செய்தது: "பெரிம்மா, இது நம்ம படம். நாமளே கொற சொன்னா அவுங்களுக்குத்தான் லாபம்" என்று ஒரு சொற்பொழிவு. பெரியம்மா கேட்டுவிட்டு, "சரிப்பா, நல்லாதான் இருக்குது" என்று போய்விட்டார். அந்த 'நல்லாதான் இருக்குது' என்ன என்று புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆனது. டீக்கடையில் தம்பி சொன்ன அதே 'சுமார்'. அங்கே அவனைச் சொல்ல வைத்தது பயம். இங்கே அவரைச் சொல்ல வைத்தது நான்.

இயக்கக்காரர்களாகிய நாம் இதை நேராகப் பார்க்க வேண்டும். நம் படம் என்று ஒன்று வருவதற்கே இத்தனை காலம் ஆனது, ஆகவே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும் என்கிற தவிப்பு எனக்குப் புரிகிறது. வெளியே ரத்னவேலு ரசிகர்கள் காத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தபோது சில நொடிகள் தெரிந்த ஒரு காலண்டருக்காக எவ்வளவு பெரிய மிரட்டல்கள் கிளம்பின, கடைசியில் அந்தக் காலண்டர் படத்தில் மாற்றப்பட்டது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் அதற்காக நம் வீட்டுப் பெண்ணின் வாயை நாமே மூடினால், ஊர்த்தெருக்காரன் செய்கிற வேலையை அவன் கூலி கொடுக்காமலே நாம் செய்கிறோம்.

பெரியம்மா கேட்டது சின்னக் கேள்வி இல்லை. வன்முறையைக் காட்டாமல் உண்மையைச் சொல்ல முடியுமா? காட்டினால் அது யாருக்காகக் காட்டப்படுகிறது? தெரியாதவனுக்குத் தெரியவைக்க என்றால், தெரிந்தவள் எதற்காக அதைத் திரும்ப அனுபவிக்க வேண்டும்? 'தலித் சினிமா' என்று கருத்தரங்கம் போட்டு நாம் நாள் முழுக்கப் பேசுகிறோம். இந்தக் கேள்வியை மேடைக்கு ஏற்றியதில்லை. அது வாசற்படியில் நின்று கேட்கப்பட்ட கேள்வி.

7

2024இல் 'வாழை' வந்தபோது நான் முன்னால் நின்று பேசவில்லை. படம் போட்ட மறுவாரம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் வேலை செய்கிற இடத்தில் போய் உட்கார்ந்தேன். வாழைத்தார் சுமக்கிறவர்கள் கூலியை உயர்த்திக் கேட்கிறார்கள். கடைசியில் தார் ஏற்றிய லாரிமேலேயே ஏறிப் போய்ச் சாகிறார்கள். எங்கள் பெண்களும் மாங்காய் பறிக்க, கிழங்கு பிடுங்க டெம்போவில் நின்றுகொண்டே போகிறவர்கள். எல்லோரும் அழுதார்கள் என்றுதான் நான் எழுதத் தயாராக இருந்தேன்.

ஒரு அக்கா சொன்னார்: "சாவப் பாத்து அழுதோம், அது வேற. டீச்சரம்மாவ அம்மாம் நேரம் காட்னாங்க. கூலி கேட்டத சட்டுனு முடிச்சிட்டாங்க. கூலி கேக்கப் போறதுக்கு முந்தின ராத்திரி வூட்ல என்னா பேச்சு நடந்துருக்கும்? அத எடுத்துருக்கணும்." பக்கத்திலிருந்த இன்னொருத்தர் மறுத்தார்: "ஏன், அந்தப் பையனுக்கு டீச்சரப் புடிச்சா என்னா? ஏழப் புள்ளைக்கு அழகா ஒருத்தரப் புடிக்கக் கூடாதா?" அரை மணி நேரம் சண்டை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

இதுதான் விமர்சனம். படம் நம்முடையது என்பதால் அதைக் கேள்வி கேட்கிற உரிமை நமக்குத்தான் முதலில் வருகிறது. நம்முடையது என்பதை வெளியே உரக்கச் சொல்லவும் வேண்டும், உள்ளே உரக்கச் சண்டை போடவும் வேண்டும். ஒன்றுக்காக ஒன்றை விட முடியாது.

படிக்கிற தோழர்களுக்கு, குறிப்பாக மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் காலனியில் படம் போடுங்கள். போட்டுவிட்டு நீங்கள் பேசாதீர்கள். முதல் மூணு பேர் பெண்களாக இருக்கட்டும். சொல்வதைச் சொன்ன மொழியிலேயே எழுதிவையுங்கள், திருத்தாதீர்கள். பேர் போட வேண்டாம். தமிழ் சினிமா விமர்சன வரலாறு என்று யாராவது எழுத வந்தால், கை நிறைய அந்த நோட்டுகளைக் கொண்டுபோய் மேசைமேல் வைப்போம்.

எங்கள் நோட்டில் இதுவரை 11 படங்களைப் பற்றிய பேச்சு இருக்கிறது. திட்டு இருக்கிறது, அழுகை இருக்கிறது, கெட்ட வார்த்தைகூட இருக்கிறது. 'சுமார்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

டீக்கடையில் இன்னும் இருக்கிறது. போன தீபாவளிக்கு முன்னால் 'பைசன்' பார்த்துவிட்டு வந்த தம்பியிடம் அதே பெஞ்சிலிருந்து அதே கேள்வி வந்தது. இந்தத் தடவை அவன், "கபடி நல்லாருந்துச்சு" என்றான். 'ண்ணா' போடவில்லை. டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு ரெண்டு பேரும் பஸ்சுக்கு நடந்தோம். வழியெல்லாம் அவன் ஒண்ணும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.